பயாஸ் ரீசெட்டுக்குப் பின் கிளம்பாத கம்ப்யூட்டர்

பயாஸ் அமைப்புகளை ரீசெட் செய்த பிறகு கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்தால், பெரும்பாலும் எந்தப் பாகமும் பழுதாகியிருக்காது. மதர்போர்டு தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிட்டது. விண்டோஸ் நிறுவப்பட்டதோ வேறு அமைப்பில்.

திரை கறுப்பாகவே இருந்தால் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். டிடிஆர்5 மெமரி உள்ள போர்டுகள் ரீசெட்டுக்குப் பின் மெமரியின் வேகத்தைப் புதிதாகச் சரிபார்க்கும். நடுவில் பவரை அணைத்தால் அந்த வேலை முதலிலிருந்து தொடங்கும்.

பூட் டிவைஸ் இல்லை என்று திரையில் வந்தால், டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயாஸுக்குள் போய், டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா, பூட் வரிசையில் அது முதலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். பழைய எம்பிஆர் முறையில் நிறுவிய விண்டோஸ் என்றால் சிஎஸ்எம் வசதியை ஆன் செய்தாக வேண்டும்.

ஆளை அதிகம் ஏமாற்றுவது சாட்டா மோடு. விண்டோஸ் சின்னம் தெரியும். உடனே 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை வரும். முன்பு ரெய்டு என்றிருந்தது ஏஹெச்சிஐ என்று மாறியிருக்கும், அல்லது நேர்மாறாக. பழையபடி மாற்றினாலே போதும். இது தெரியாமல் டிஸ்க்கை ஃபார்மட் செய்து, படங்களையும் கணக்குகளையும் பறிகொடுப்பவர்கள் உண்டு.

சில லேப்டாப்கள் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பெரும்பாலும் அது உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

ஒவ்வொரு முறை அணைத்ததும் தேதி பின்னோக்கிப் போனால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரியை மாற்ற வேண்டும்.