கடற்பாசியும் மேனிப் பூச்சும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யாம் ரயில்வே எழுத்தர். மெட்ரிகுலேஷன் வரையே பயின்றோம். எனினும், சங்கத்தார் பணித்ததால் கடற்பாசியைப் பற்றிச் சில கூற முன்வந்தோம். கடலைக் காணாத பூதிகோட்டையில் கடற்பாசிக்கு என்ன வேலை என்று வியப்பீர்கள். விடியுமுன் வண்டியேறிப் பெங்களூரில் வேலை பார்த்து வரும் எம் மகள், அண்மையில் ஒரு முகப்பூச்சு வாங்கி வந்தாள். 'கடற்பாசி கலந்தது' என்று குப்பியில் அச்சிட்டிருந்தது. "அப்பா, இப்பாசி எங்கே கிடைக்கிறது?" என்று வினவினாள். அவ்வினாவே இவ்வுரைக்கு வித்து.

நம் அடுக்களையில் 'சைனா கிராஸ்' என வழங்கும் அகார், கடற்பாசியின் பசையே. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகாரும், கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட்டும் எடுக்கின்றனர். மிதவைகளில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் என்னும் பாசி காராஜீனனைத் தருகிறது. இவை நீரைப் பற்றி வைத்துக் கொள்ளும் இயல்பின. ஆகவே பூச்சு கெட்டியாகிறது. எண்ணெயும் நீரும் பிரியாமல் நிற்கின்றன. தோலின்மேல் மெல்லிய படலம் படிந்து ஈரம் விரைவில் உலராமல் காக்கிறது. இவ்வளவு உண்மை. கருநிறம் வெண்ணிறமாகும், முதுமை நீங்கும் என்று விளம்பரம் கூறின் நம்பற்க. இயற்கைப் பொருளும் சிலர் தோலுக்கு ஒவ்வாது. முதலில் முன்கையில் சிறிது தடவிப் பார்த்தல் நலம்.

இனி, பாசியை எடுக்கும் கைகளைக் காண்போம். பாம்பன் தீவைச் சேர்ந்த சின்னப்பாலம் முதலிய ஊர்களின் மகளிர், விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கிப் பாறைகளிலிருந்து பாசியைப் பறிக்கின்றனர். பவளப்பாறை கீறும், அலை மோதும். 1986இல் அவ்வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. அதன்பின் அவர்கள் பிழைப்புக்குத் தடைகள் நேர்ந்தன. அம்மகளிரோ தாமே கூடி, மாதத்தில் 12 நாட்களே பாசி எடுப்பது என்று வரையறுத்துக் கொண்டனர். பாசி மீண்டும் தழைக்க வேண்டுமன்றோ! அவர்களை வழிநடத்திய சின்னப்பாலம் லட்சுமி அவர்களுக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது.

பெருமக்களே! இக்கதை நமக்குப் புதிதன்று. நம் பாட்டனாரும் தந்தையாரும் கோலார்ச் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கிப் பொன் வெட்டினர். அப்பொன் யார் யார் கழுத்திலோ மின்னியது. வெட்டியவர் பெயரை அணிந்தவர் அறியார். 2001இல் சுரங்கமும் மூடப்பட்டது. எஞ்சியவை நம் இல்லங்களில் கேட்கும் இருமலும், சயனைடு மண் குன்றுகளுமே.

எம் மகளின் குப்பியில் பாசி எக்கடலினது என்று எழுதியிருக்கவில்லை. அவளிடம் யாம் சொன்னது இதுவே: "அம்மா, முகத்தில் பூசு, தவறில்லை. ஆனால் இன்ன பாசி, இன்ன கரை, எடுத்தவர்க்கு என்ன கூலி என்று கேட்கப் பழகு. பொன் வெட்டியவர் வீட்டுப் பெண் நீ. நீ கேளாவிடில் வேறு யார் கேட்பார்?"

அவ்வினாவையே இச்சபையின் முன்னும் வைத்து அமர்கிறோம்.