தீர்ந்த கட்டளையைத் திருத்தலாமா?

(உடப்பில் ஆற்றிய உரை)



உப்பு விளைவிப்போரும் இறால் வளர்ப்போரும் வாழும் கரை இது. இவர்களிற் சிலர் கூடி ஒரு கம்பனி அமைக்கின்றனர். அதில் ஒருவருக்கு 500 பங்கு என்று வைத்துக்கொள்வோம். பிணக்கு மூண்டு வழக்காகின்றது. நீதிபதி 500 என்றே தீர்க்கின்றார். கட்டளையிலோ 50 என்று விழுந்துவிடுகின்றது. அம்மன்றே அதைத் திருத்தலாம். ஆனால் சான்றுகளைச் சீர்தூக்கிய பின்னரே நீதிபதி 50 என்று தீர்த்திருந்தால், மேன்முறையீடே வழி. பேனா தவறுவது வேறு. தீர்ப்புத் தவறுவது வேறு.

இந்தியாவில் 2016 முதல் கம்பனி வழக்குகளை விசாரிப்பது தேசியக் கம்பனிச் சட்டத் தீர்ப்பாயம். வழக்கேட்டைப் பார்த்ததும் புலப்படும் பிழையை இரண்டாண்டுக்குள் திருத்த, 2013 ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் 420 ஆம் பிரிவு அதற்கு அதிகாரம் அளிக்கின்றது. மேன்முறையீடு செய்யப்பட்ட கட்டளையில் அவ்வதிகாரமும் இல்லை. 2023 மே 25 இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஐவர் ஆயம், தன் தீர்ப்பை மீளாய்வு செய்யத் தனக்கு அதிகாரமில்லை என்றது. ஆயினும் உரியவருக்கு அறிவித்தல் கிட்டாமலோ, மோசடியாலோ பெறப்பட்ட தீர்ப்பை மீளப்பெறலாம் என்றும் கூறியது. அவ்வாண்டு யூலையில் இந்திய உச்ச நீதிமன்றமும் இதனை ஏற்றது.

இலங்கையில் அத்தகைய தனித் தீர்ப்பாயம் இல்லை. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் எழும் வழக்குகள் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குச் செல்கின்றன. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 189 ஆம் பிரிவின்படி எழுத்துப்பிழை, கணக்குப்பிழை, தற்செயலாய் நேர்ந்த தவறு, விடுபாடு ஆகியவற்றை மன்று எப்போதும் திருத்தலாம். ஆனால் தரப்பாருக்கு முன்னறிவித்தல் கொடுத்தே திருத்தவேண்டும்.

இந்த எல்லை எதற்கு? முடிந்த வழக்கை மீண்டும் மீண்டும் திறக்கலாமென்றால், பணமுள்ளவன் ஓயமாட்டான். எளியவன் பெற்ற வெற்றி ஒருநாளும் கைக்கு வாராது. எல்லை எளியவனுக்குக் காவல். ஆனால் அவன் விழித்திருக்க வேண்டும். பேனாப் பிழைக்குக் காலம் கடந்தும் மருந்துண்டு. தீர்ப்பின் பிழைக்கோ நாட்கணக்கு உண்டு.

இங்கேதான் நமது குறை. கொழும்பிலிருந்து வரும் கட்டளையை வாசிக்கமாட்டாமல் பெட்டியிற் பூட்டி வைக்கின்றோம். மன்றின் மொழி அறியாத தரப்பாருக்கு, அவர் சட்டப்படி பெறக்கூடிய வழக்கேட்டுப் பகுதிகளைத் தமிழிற் பெறும் உரித்தை அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை அளித்திருக்கின்றது. இது எவரும் இடும் பிச்சையன்று.

ஆகவே, கட்டளை வந்த அன்றே தமிழிற் கேளுங்கள். பெயர், தொகை, திகதி, பங்கு ஆகிய நான்கையும் ஒத்துப்பாருங்கள். பேனாப் பிழையாயின் திருத்தம் கேளுங்கள். தீர்ப்பே பிழையாயின் மேன்முறையீட்டுக்கு விரையுங்கள். ஒன்று வேண்டிய இடத்தில் மற்றதைக் கேட்டு நாளைப் போக்காதீர்கள். நாள் கடந்தால் பிழையான தீர்ப்பே தீர்ப்பாய் நிற்கும்!