எந்தப் படியால் அளக்கிறோம்?

வானொலி மறையுரை – பொதுக்காலம் 12ஆம் வாரம், திங்கள் (மத்தேயு 7:1-5)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் தீர்ப்பிடுவதைப் பற்றிப் பேசுகிறார். பிறருக்கு அளக்க எந்தப் படியைக் கையில் எடுக்கிறோமோ, அந்தப் படியே நமக்கும் வைக்கப்படும் என்று எச்சரிக்கிறார். அடுத்தவர் கண்ணில் விழுந்த தூசியைச் சுட்டிக்காட்டும் மனிதர், தம் கண்ணை மறைத்து நிற்கும் மரத்துண்டை அறியாமல் இருப்பதையும் சொல்கிறார். தச்சர் வீட்டில் வளர்ந்தவர் அல்லவா? மரத்தூளும் மரத்துண்டும் அவருக்குப் பழக்கமானவை.

இதைக் கேட்டவுடன் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. அப்படியானால் ஆசிரியர் விடைத்தாள் திருத்தக் கூடாதா? பாடல் போட்டியில் நடுவராக யாரும் அமரக் கூடாதா? ஒரு பிள்ளை தான் வாசித்ததைப் பதிவு செய்து, "எப்படி இருக்கிறது?" என்று நம்மிடம் நீட்டினால், ஒன்றும் சொல்லாமல் புன்னகைத்துவிட்டுப் போய்விட வேண்டுமா? இந்தக் கேள்விக்கு விடை காண, இன்று ஓர் இளம் வயலின் கலைஞரின் இசைத்தட்டை நாம் சேர்ந்து எடைபோட்டுப் பார்ப்போம்.

1932ஆம் ஆண்டு, பாரிஸ் நகரம். யெஹூதி மெனுஹின் என்ற யூதச் சிறுவனுக்கு அப்போது 16 வயது. பரோக் காலத்துப் பெரும் இசைமேதை யோகான் செபாஸ்தியன் பாக், இரண்டு வயலின்களுக்காக எழுதிய கான்செர்ட்டோவை அவன் பதிவு செய்தான். மற்றொரு வயலினை வாசித்தவர் அவனுடைய ஆசிரியர், ருமேனிய நாட்டு இசைமேதை ஜார்ஜ் எனஸ்கு. அவருக்கு ஏறக்குறைய 50 வயது. இசைக்குழுவை நடத்தியவர் பியேர் மோந்தோ. அந்த நாள் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடங்களுக்குச் சற்று அதிகமாகத்தான் இசை அடங்கும். இன்றுபோல் தவறிய சுரத்தை மட்டும் வெட்டி ஒட்டவும் வழியில்லை. தவறினால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும்.

இன்று இந்தத் தட்டை ஒரு நடுவர் குழுவின் முன் வைத்தால் என்ன நடக்கும்? கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் பரோக் இசையைப் பற்றிய அறிவு வெகுவாக வளர்ந்திருக்கிறது. அந்தக் காலத்து வில், குடல் நரம்பு, சிறிய இசைக்குழு, ஏறக்குறைய அரை சுரம் தாழ்ந்த சுருதி, துள்ளலான நடை என்று பல கலைஞர்கள் தேடிக் கண்டுபிடித்து வாசிக்கிறார்கள். அந்தக் காதோடு கேட்பவர், "நடுப்பகுதி மிகவும் மெதுவாகப் போகிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு விரலை வழுக்கிக்கொண்டு போகிறார்கள். இது பாக் காலத்து முறையே அல்ல" என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். அவர் சொல்வதில் பொய் இல்லை. அந்த வழுக்கல் அந்தத் தட்டில் இருக்கத்தான் செய்கிறது. கமகத்தில் ஊறிய நம் காதுக்கு அது குறையாகவே தோன்றாது என்பது வேறு செய்தி!

ஆனால் அதே தட்டில் இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கான்செர்ட்டோவில் ஒரு வயலின் முதலில் பேசும். சற்றுப் பொறுத்து மற்றொன்று அதே பேச்சை எடுத்துக்கொள்ளும். ஒன்று பாடும்போது மற்றொன்று அடங்கித் தாங்கிப் பிடிக்கும். இரண்டில் எதுவும் பெரியதல்ல, எதுவும் சிறியதல்ல. ஐம்பது வயது ஆசிரியர் மாணவனை மிஞ்சிக் காட்ட முயலவில்லை. பதினாறு வயது மாணவனும் தன் விரல் வேகத்தைக் காட்டி ஆசிரியரை ஓரம் கட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், ஒரே மூச்சில் இருவர் செபிப்பதுபோல் இருக்கிறது. காலத்துக்கு ஒத்த முறையா என்ற படியால் மட்டும் அளப்பவருக்கு இது தட்டுப்படாது. அந்தப் படியில் இதை அளக்கக் கோடு இல்லை.

ஆண்டவர் சொல்வது இங்கே நமக்கு விளங்கத் தொடங்குகிறது. பகுத்தறிய வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இதே அதிகாரத்தில்தான், மரத்தை அதன் கனியைக் கொண்டு இனம் காணச் சொல்கிறார். தன் கண்ணிலுள்ள மரத்துண்டை எடுத்த பிறகு சகோதரர் கண்ணிலுள்ள தூசியை எடுக்கவும் சொல்கிறார். தூசி தூசிதான், அது எடுக்கப்பட வேண்டியதுதான். சுருதி விலகியிருந்தால் விலகியிருக்கிறது என்று சொல்வது ஓர் அன்புப் பணி. கேட்காமலேயே "அருமை" என்று கட்டைவிரலை உயர்த்தி அனுப்பிவிடுவது அன்பு அல்ல. அதுவும் ஒருவகை அலட்சியமே. அவர் தடுப்பது வேறொன்றை. வாசிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதை வாசித்தவர்மேல் தீர்ப்பாக எழுதிவிடுவதை அவர் தடுக்கிறார். இன்றைக்கு இருப்பதை வைத்து, இனி எப்போதும் இப்படித்தான் என்று முத்திரை குத்துவதைத் தடுக்கிறார்.

இதற்கு இன்னொரு சாட்சி, நம் திருச்சபையின் குருவான ஒருவரே. பரோக் கான்செர்ட்டோ என்றதும் பாக்கோடு சேர்ந்து நினைவுக்கு வருபவர் அந்தோனியோ விவால்டி. 1678இல் வெனிஸ் நகரில் பிறந்தார். 1703இல் குருவாக அருள்பொழிவு பெற்றார். நெஞ்சை இறுக்கும் நோயினால் திருப்பலி நிறைவேற்ற இயலாமல் போனார். அதற்காகவும் பழிச்சொல் கேட்டார். அதே 1703இல் 'பியெத்தா' என்ற இல்லத்தில் வயலின் ஆசிரியரானார். பியெத்தா என்றால் இரக்கம். பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்று வளர்த்த இல்லம் அது. 14ஆம் நூற்றாண்டில் ஒரு பிரான்சிஸ்கன் துறவி தொடங்கி வைத்தது.

அந்த இல்லத்தில் ஆசிரியர்களின் பணி ஆண்டுதோறும் நிர்வாகிகளின் வாக்கெடுப்புக்கு விடப்படும். 1709 பிப்ரவரியில் விவால்டிக்கு ஆதரவாக 6 வாக்குகள், எதிராக 7 வாக்குகள். ஒரே ஒரு வாக்கில் வேலை போயிற்று. 1711இல் அதே நிர்வாகிகள் குழு ஒருமனதாக அவரைத் திரும்ப அழைத்தது. அந்த 1711இல்தான் அவருடைய 12 கான்செர்ட்டோக்கள் அடங்கிய நூல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகி, ஐரோப்பா முழுவதும் பரவியது. ஜெர்மனியில் இருந்த பாக், அவற்றில் சிலவற்றைத் தம் கையால் ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் மாற்றி எழுதிப் பயின்றார். லூத்தரன் சபையைச் சேர்ந்த பாக், கத்தோலிக்கக் குரு ஒருவரிடம் தாளின் வழியாகப் பாடம் கேட்டார். அந்த ஏழு வாக்குகளைப் போட்டவர்கள் கெட்டவர்கள் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கையில் இருந்த படி சிறியது, அவ்வளவுதான்.

அந்த இல்லத்துப் பெண்பிள்ளைகளையும் சற்று நினைத்துப் பார்ப்போம். அவர்கள் கோவிலின் மாடத்தில், இரும்புக் கம்பித் தட்டிக்குப் பின்னால் நின்று வாசித்தார்கள். கீழே இருந்தவர்களுக்கு முகம் தெரியாது. இன்னார் மகள் என்று சொல்ல அவர்களுக்குக் குடும்பப் பெயரும் கிடையாது. அவர்களில் தலைசிறந்த வயலின் கலைஞர், 'பியெத்தாவின் அன்னா மரியா' என்றே அறியப்பட்டார். அவருக்காகவே விவால்டி பல கான்செர்ட்டோக்களை எழுதினார். எந்தக் குடும்பம், எந்தத் தெரு, யாருடைய பிள்ளை என்று கேட்க வழியில்லாமல், கேட்டவர்கள் இசையை மட்டுமே கேட்டார்கள். நம் பங்கில் ஒரு பிள்ளை பாட எழுந்தவுடன் நம் மனம் எத்தனை கேள்விகளைக் கேட்டு முடித்துவிடுகிறது! அந்தக் கேள்விகள்தான் ஆண்டவர் சொல்லும் மரத்துண்டு. கண்ணில் கிடக்கும் அந்தத் துண்டு காதையும் அடைத்துவிடுகிறது.

விவால்டி 1741இல் வியன்னாவில் இறந்தார். உலகம் அவரை ஏறக்குறைய மறந்தது. 1926இல் வட இத்தாலியில், போர்கோ சான் மார்த்தினோ என்ற ஊரில் இருந்த சலேசியக் கல்லூரி ஒன்று, கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டித் தன்னிடமிருந்த பழைய இசை ஏடுகளை விற்க நினைத்தது. துரின் நகர நூலகத்தார் பார்த்தபோது, அவற்றில் 14 தொகுதிகள் விவால்டியின் கையெழுத்துப் படிகள்! வாங்க நூலகத்திடம் பணம் இல்லை. ரொபெர்த்தோ ஃபோவா என்பவர், இறந்துபோன தம் சின்ன மகன் மௌரோவின் நினைவாக அவற்றை வாங்கி நூலகத்துக்குக் கொடுத்தார். ஏடுகளின் மற்றப் பாதி ஜெனோவாவில் இருப்பது தெரியவந்தது. 1930இல் ஃபிலிப்போ ஜொர்தானோ என்பவர் அதை வாங்கிக் கொடுத்தார். அவரும் மகனை இழந்தவர். சிறுவன் பெயர் ரென்சோ. இன்றும் அந்த ஏடுகள் மௌரோ ஃபோவா தொகுப்பு, ரென்சோ ஜொர்தானோ தொகுப்பு என்ற பெயரோடுதான் துரினில் இருக்கின்றன.

அன்பானவர்களே, வில்லைப் பிடிக்கும் வயதுக்கே வராமல் போன இரண்டு குழந்தைகள். தங்கள் பிள்ளை வாசிப்பதைக் கேட்கும் பேறு அந்தத் தந்தையருக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் தங்கள் துயரத்தை ஊரார் பிள்ளைகளுக்கான கொடையாக மாற்றினார்கள். இன்று உலகின் ஏதோ ஒரு மூலையில் ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ விவால்டியைப் பதிவு செய்யும்போது, அந்தக் கொடையின் ஒரு பங்கு அங்கே ஒலிக்கிறது. அப்படிப்பட்ட தட்டை, அரை நிமிடம் கேட்டுவிட்டு "தேறாது" என்று தள்ளிவிட நமக்கு மனம் வருமா?

மெனுஹினின் பிற்கால வாழ்வும் நமக்குப் பாடம். சிறுவயதில் உள்ளுணர்வால் வாசித்த அவருக்கு, வளர்ந்த பிறகு கை எளிதில் ஒத்துழைக்கவில்லை. உலகமே புகழ்ந்த கலைஞர், வில்லை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து மீண்டும் கற்க நேர்ந்தது. 1952இல் இந்தியாவுக்கு வந்தபோது பி.கே.எஸ். ஐயங்காரிடம் யோகா பயிலத் தொடங்கியதும் அந்தத் தேடலின் ஒரு பகுதியே. 1963இல் இங்கிலாந்தில் இளம் இசைக் கலைஞர்களுக்காக ஒரு பள்ளியையும் தொடங்கினார். 1932இல் அவனைப் புகழ்ந்தவர்களும் சரி, குறை சொன்னவர்களும் சரி, இவற்றில் எதைக் கண்டிருக்க முடியும்? பதினாறு வயதுப் பிள்ளையைப் பற்றிய எந்தத் தீர்ப்பும் பாதி வழியில் எழுதப்படும் தீர்ப்பே. முழு வழியையும் காண்பவர் ஒருவர் மட்டுமே. தீர்ப்பு அவருக்கே உரியது என்று திருச்சபை சொல்வதன் பொருள் இதுதான்.

ஈசாயின் வீட்டில் சாமுவேலும் ஏறக்குறைய இப்படித்தான் தடுமாறினார். உயரமான மூத்த மகனைக் கண்டதும் இவன்தான் என்று முடிவு கட்டினார். ஆண்டவரோ, ஆடு மேய்க்கப் போயிருந்த கடைசிப் பிள்ளையைக் கூப்பிட்டு வரச் செய்தார். யாழ் மீட்டத் தெரிந்த பிள்ளை அவன்!

ஆகவே இந்த வாரம் நம் வீட்டிலோ பாடகர் குழுவிலோ ஒரு பிள்ளை தன் வாசிப்பையோ பாட்டையோ நம்மிடம் கொண்டுவந்தால், முதலில் அதை முழுவதும் கேட்போம். அலைபேசியில் வந்ததென்றாலும் பாதியில் நிறுத்தாமல் கேட்போம். முடிந்தால் இரண்டாம் முறையும் கேட்போம். நன்றாக இருக்கும் இடத்தை, இந்த இடம் என்று குறிப்பிட்டுச் சொல்வோம். பிசகிய இடத்தையும் குறிப்பிட்டே சொல்வோம். ஆனால் எல்லார் முன்னிலையிலும் அல்ல, தனியாக அழைத்துச் சொல்வோம். "மூன்றாம் அடியில் சுருதி இறங்குகிறது" என்பது திருத்தம். "உனக்குச் சங்கீதம் வராது" என்பது தீர்ப்பு. முன்னதைக் கேட்ட பிள்ளை மறுநாள் பயிற்சிக்கு வரும். பின்னதைக் கேட்ட பிள்ளை பல நேரங்களில் திரும்பி வருவதே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கிரேடு தேர்வு மதிப்பெண்ணை நடுவில் இழுக்காமல் இருப்போம். எனஸ்குவைப்போல், முடிந்தால் நாமும் பக்கத்தில் நின்று கூடவே வாசிப்போம், கூடவே பாடுவோம். தூரத்தில் நின்று அளப்பவரைவிட, தோளோடு தோள் நின்று வாசிப்பவருக்கே தூசி எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும்.

இரக்கமுள்ள தந்தையே, எங்கள் தடுமாற்றங்களையெல்லாம் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கிறீர். பாதி வழியில் எங்களைத் தள்ளிவிடாமல் காத்து வருகிறீர். எங்கள் பிள்ளைகளை அளக்க நீர் பயன்படுத்தும் படியையே எங்கள் கையிலும் தந்தருளும். உண்மையைச் சொல்லும் துணிவையும், அதை அன்போடு சொல்லும் நாவையும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.