சம்பளத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளை இந்த அரங்கம் வரை கொண்டுவந்து சேர்த்த பெற்றோர்களே, இன்று பட்டம் பெறும் இளம் பொறியாளர்களே!

உங்களில் பலர் மனத்துக்குள் ஏற்கெனவே பெட்டி கட்டிவிட்டீர்கள். போகாதீர்கள் என்று தடுக்க நான் வரவில்லை. வெளிநாட்டு வேலை என்றதும் நாம் முதலில் கேட்பது, 'சம்பளம் எவ்வளவு?' அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'அந்த நாட்டுச் சட்டத்தின் கண்ணில் நான் யார்?' சுற்றிப் பார்க்க வந்தவரா, வேலை தேட அனுமதி பெற்றவரா, வேலை செய்யவே அனுமதி பெற்றவரா? மூவரும் ஒரே விமானத்தில் போய் இறங்கலாம், ஒரே அறையில் தங்கலாம். சிக்கல் வரும் நாளில்தான் மூவரும் வேறு வேறு ஆட்கள் என்பது தெரியும்.

துபாயைப் பாருங்கள். விசிட் விசாவில் போய், டேரா, கராமா போன்ற பகுதிகளில் ஒரு பெட் ஸ்பேஸ், அதாவது பகிர்ந்த அறையில் ஒரு படுக்கை, பிடித்து, இன்டர்வியூவுக்கு அலைவது நம் பிள்ளைகளுக்குப் பழகிய வழி. வேலை தேடுவதற்கென்றே 60, 90, 120 நாள் விசாவும் அங்கே உண்டு. இரண்டிலும் தேடலாம்; வேலை செய்யக் கூடாது. 'ஒரு மாசம் வந்து வேலையைக் காட்டு, விசாவை அப்புறம் பார்த்துக்கலாம்' என்பார்கள். அந்த மாதச் சம்பளம் வராவிட்டால், புகார் கொடுக்கப் போகிறவரே முதலில் மாட்டிக்கொள்வார். ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். அதனால் விசாவுக்குப் பணம் கேட்கிற கம்பெனியைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். இன்று கையில் வாங்கும் பட்டத்துக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் மூன்றின் சான்றொப்பமும் தேவைப்படும். அதை இங்கிருக்கும்போதே முடித்துவிடுங்கள். விசா நாள் ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கிருந்து செய்வது பெரும்பாடு.

சிங்கப்பூரில் கதை வேறு. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்கு நீங்கள் விண்ணப்பிக்க முடியாது. உங்களை எடுக்கும் நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் அதற்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி. வயது கூடக் கூட அதுவும் கூடும். அதோடு 'காம்பஸ்' என்ற புள்ளிக் கணக்கில் 40 எடுக்க வேண்டும். நம்மூர்க்காரர்கள் நிறைய இருக்கிற கம்பெனியில் நுழைவது சுலபம் என்றுதானே நினைப்போம்? பெரிய நிறுவனத்தின் உயர்நிலைப் பணியாளர்களில் நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ உங்கள் நாட்டவராக இருந்தால், காம்பஸில் அதற்கான பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது பூஜ்யம். ஐந்து சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் 20 புள்ளி. ஆகவே நிராகரிப்புக் கடிதம் வந்தால் உடனே உங்கள் திறமையைச் சந்தேகிக்காதீர்கள். முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அடுத்து எந்தக் கதவைத் தட்டலாம் என்பதை அதுவே காட்டும்.

ஜெர்மனி 2024 ஜூனில் 'வாய்ப்பு அட்டை'யைத் தொடங்கியது. ஓராண்டு அங்கே தங்கி வேலை தேடலாம். வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலையும் பார்க்கலாம். கைச்செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். ஆங்கிலத்தை வைத்தே அட்டை கிடைத்துவிடலாம். ஆனால் தொழிற்சாலைத் தளத்தில் பேச்சு ஜெர்மன் மொழியில்தான். மொழியை இங்கேயே கற்றுக்கொண்டு போகிறவருக்கு அந்த ஓராண்டு முழுவதும் தேடுவதற்கு மிஞ்சும்.

இனி, பட்டதாரிகள் அதிகம் அறியாத ஒன்று. நம் நாட்டில் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காத ஒருவர் வளைகுடா, மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அவருடைய ஒப்பந்தத்தை அரசு ஒரு முறை பார்க்கிறது. படித்த உங்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. அதாவது, உங்கள் ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை. ஏமாற்றுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பாங்காக்கில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று கணினி தெரிந்த இளைஞர்களை அழைத்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்திப்போய் இணைய மோசடியில் ஈடுபடுத்திய கும்பல்கள் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரித்தது. சிக்கியவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தார்கள்.

ஆகவே ஏஜென்டின் பெயர் அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சங்களில் பேசுகிறவர் வேலையை விற்கிறார் என்று பொருள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது, அங்கேயும் விசாரியுங்கள்.

பெற்றோர்களே, ஒரு வேண்டுகோள். வேலை கிடைக்காமல் பிள்ளை திரும்பி வந்தால், 'ஊர் என்ன சொல்லும்' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் விசா முடிந்த பிறகும் அங்கேயே ஒளிந்து கிடக்கிறார்கள். திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தை முதல் நாளே தனியாக எடுத்து வையுங்கள்.

மாணவர்களே, நாளை நீங்கள் காலூன்றிய பிறகு, ஊரிலிருந்து ஒரு தம்பியோ தங்கையோ ஆஃபர் லெட்டரை அனுப்பி, 'அண்ணா, இது நிஜமா?', 'அக்கா, இதை நம்பலாமா?' என்று கேட்பார்கள். 'ஆல் தி பெஸ்ட்' என்று மட்டும் பதில் போடாதீர்கள். வரி வரியாகப் படியுங்கள்; அந்தக் கம்பெனி இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். அரசு பார்க்காத அந்த ஒப்பந்தத்தைப் பார்க்க உங்களை விட்டால் அவர்களுக்கு வேறு ஆள் கிடையாது.

கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள், தலைநிமிர்ந்து வேலை செய்யுங்கள். உங்கள் அனைவருக்கும் என் வாழ்த்துகள்.