மீண்டும் முருங்கை மரம் ஏறும் வேதாளம்

(அவலாஞ்சியில் மின்வாரியத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



இந்தக் குளிரில், வேலைக் களைப்போடு, ஒரு பேய்க்கதையைப் பற்றிய பேச்சைக் கேட்க வந்திருக்கிறீர்கள். பஞ்சப்படி, குடியிருப்பு என்று பேச எவ்வளவோ இருக்க வேதாளத்துக்கு என்ன அவசரம் என்று ஒரு இளந்தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அவலாஞ்சியில் தேங்கும் தண்ணீர் குந்தா திட்டத்தில் மின்சாரமாகிறது. அந்த மின்சாரத்தில்தான் தொலைக்காட்சிப் பெட்டி ஓடுகிறது. அதில் என்ன காட்டுகிறார்கள் என்று கேட்க உங்களைவிட உரிமை உள்ளவர் யார்?

விக்கிரமாதித்தன் கதையை நம்மில் பலர் அம்புலிமாமாவில் படித்தோம். 1947இல் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய இதழ் அது. கையில் வாள், தோளில் பிணம், சுற்றிலும் இருட்டு. ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தை யார் மறப்பார்? ஏட்டில் உள்ள வேதாளக் கதைகள் இருபத்தைந்து. அவை தீர்ந்தபின் இதழ் நின்றுவிடவில்லை. அதே ராஜா, அதே முருங்கை மரம், ஆனால் மாதந்தோறும் புதுக்கதை. பழைய கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று எந்த வாசகராவது சண்டைக்குப் போனதாக நாம் கேட்டதில்லை. ஏன்? ஒவ்வொரு கதையின் முடிவிலும் புதுக்கேள்வி ஒன்று இருந்தது. யார் பக்கம் நியாயம் என்று வேதாளம் கேட்கும். ராஜா வாய் திறப்பதற்குள் பக்கத்தை மூடிவைத்து நாமே யோசிப்போம்.

ஆகவே திருப்பிச் சொல்வதை நாம் எதிர்க்கவில்லை. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலும் இந்தக் கதைகள் உண்டு; அவரும் பழைய கதைகளைத் திருப்பிச் சொன்னவரே. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து இந்த நீலகிரிக்கு வந்த குடும்பங்களைக் கேளுங்கள். அங்கே தோட்டத்து லயங்களில் அருச்சுனன் தபசும் காமன் கூத்தும் ஆண்டுதோறும் ஆடினார்கள். சென்ற ஆண்டு ஆடியதை இந்த ஆண்டு ஏன் ஆடுகிறாய் என்று யார் கேட்டார்?

தொலைக்காட்சிக்காரர்களின் சங்கதி வேறு. 1985இல் தூர்தர்ஷனுக்காக ராமானந்த சாகர் விக்கிரமனையும் வேதாளத்தையும் எடுத்தார். 2009இல் அதே சாகர் நிறுவனம் கலர்ஸ் சேனலுக்கு மறுபடி எடுத்தது. 2018இல் இன்னொரு சேனல். மகாபாரதமும் அப்படியே. 1988இல் பி.ஆர். சோப்ரா எடுத்த தொடருக்கு வசனம் எழுதியவர் முற்போக்கு எழுத்தாளர் ராஹி மாசூம் ராஸா. 2008இல் ஏக்தா கபூர் எடுத்தது சில மாதங்களிலேயே நின்றது. 2013இல் ஸ்டார் எடுத்தது விஜய் டி.வி. வழியாகத் தமிழிலும் வந்தது. வெளிநாட்டிலும் இதே கதைதான். 2001 முதல் 2011 வரை எட்டுப் படங்களாக வந்த ஹாரி பாட்டரைத் தொடராக எடுக்கப் போவதாக 2023இல் அறிவித்தார்கள்.

காரணம் என்ன? புதுக்கதை முதலாளிக்கு ஓர் அபாயம், ஓடுமோ ஓடாதோ! பழைய கதைக்கோ ஜனங்களின் அன்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பாட்டிமார்கள் கூலி வாங்காமல் சேர்த்து வைத்த அன்பு அது! அதை விளம்பரதாரனுக்கு விற்கிறார்கள்.

பழைய தொடர்கள் மட்டும் புனிதமா? இல்லை. 1987இல் தொடங்கிய ராமாயணத் தொடரும் விளம்பரத்தோடு வந்ததுதான். நமக்குப் பிடித்ததெல்லாம் நல்லது என்று நினைப்பது வயதானவர்களின் பலவீனம். அது நமக்கும் உண்டு.

ஆனால் அந்த ராமாயணத்தின்போது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1988 ஜூலையில், ஏழாவது காண்டத்தைக் காட்டாமலே தொடரை முடிக்க இருந்தார்கள். சீதைக்கு வால்மீகி அடைக்கலம் கொடுப்பதும் லவகுசர் வளர்வதும் அந்தக் காண்டத்தில்தான். ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களில் பலர் வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடும் மக்கள். தெருவைக் கூட்டுகிறவர் கதையில் தம் பங்கைக் கேட்டார்! போராட்டம் வட இந்தியாவின் பல நகரங்களுக்கும் பரவியது. கடைசியில் அரசு இறங்கி வந்தது. அந்தப் பகுதி தனித் தொடராக ஒளிபரப்பாயிற்று.

2008இல் சாகர் நிறுவனம் ராமாயணத்தை மீண்டும் எடுத்தபோது அந்தத் தொழிலாளர்களை நினைத்துப் பார்த்தவர் யார்? கிரீடம் கனத்தது, அம்புகள் நடுவானில் நெருப்பைக் கக்கின. புதுக்கேள்வி எதுவும் நம் கண்ணில் படவில்லை.

அம்புலிமாமாவும் 2007இல் ஒரு மும்பை மென்பொருள் நிறுவனத்தின் கைக்குப் போனது. சில ஆண்டுகளில் இதழே நின்றுபோயிற்று. சங்கர் 2020இல் காலமானார்.

அந்தப் பழைய இதழ்கள் சிலருடைய டிரங்குப் பெட்டிகளில் இருப்பதாகக் கேள்வி. எடுத்து வாருங்கள். ஞாயிறு மாலை இங்கேயே குழந்தைகளுக்குப் படித்துக் காட்டுவோம். வேதாளம் கேள்வி கேட்டதும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். ராஜாவுக்கு முன் குழந்தைகள் பதில் சொல்லட்டும்.