கடல் இல்லாத ஊருக்கும் புயல் வரும்
(நம் சங்கத்தின் மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



புயலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். "செந்துறைக்குக் கடலே இல்லையே சார்" என்று சிலர் சிரித்தீர்கள். சரி, முதலில் கடல் இருந்த ஓர் ஊருக்குப் போய்வருவோம்.

1964 டிசம்பர் வரை தனுஷ்கோடி ஒரு முழு ஊர். ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்தன. எழும்பூரில் போட் மெயில் ஏறியவர்கள் அங்கே இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயிலேறிக் கொழும்பு போனார்கள்.

டிசம்பர் 22 அன்று புயல் இலங்கையைக் கடந்து இந்தப் பக்கம் திரும்பியது. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். அப்படிப்பட்ட இடத்தில் காற்று தள்ளும் தண்ணீர் கீழே இறங்க வழியின்றி மேலே எழும்பி ஊருக்குள் ஏறிவிடும். அன்று இரவு அதுதான் நடந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் ஊரை எட்டும் முன்பே அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மொத்தத்தில் சுமார் 1,800 பேர் இறந்தார்கள் என்பது கணக்கு.

பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்பு உத்திரங்கள் கடலில் விழுந்தன. அப்போது இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் எழுந்தது. ஆனால் ஊர் எழவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. ஆனாலும் கடலை விட்டால் பிழைப்பில்லாத மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே குடிசைகளில் இருக்கின்றன. சுற்றுலா போகும்போது இடிந்த மாதா கோயில் முன் படம் எடுக்கிறோம். அடுத்த முறை அவர்களிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

இனி நம் பக்கம் வருவோம். 1956 நவம்பர் 23 விடியற்காலையில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் அரிக்கப்பட்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். கடலா வந்தது? மழைத் தண்ணீர்தான்.

2011 டிசம்பர் 30 தானே புயலில் பக்கத்துக் கடலூர் மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஒரு முந்திரி மரம் திரும்பக் காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயலோ, கடற்கரையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஆலங்குடி, கீரமங்கலம் வரை தென்னையைச் சாய்த்தது. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை.

கரண்ட் இல்லையென்றால் நமக்கு மோட்டார் இல்லை, லிஃப்ட் இல்லை. மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் பாட்டிக்குத் தண்ணீர் யார் கொண்டுபோவது? இந்தக் கேள்விக்கு இன்றே பதில் வேண்டும்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். ஐப்பசிக்கு முன் மழைநீர் வாய்க்காலைத் தூர்வாருவோம். மொட்டை மாடியில் தகரமோ காலிப் பெயிண்ட் டப்பாவோ கிடக்க வேண்டாம். சோலார் தகடுகளின் போல்ட்டை முடுக்குங்கள். எச்சரிக்கை வந்ததும் மேல்தொட்டியை நிரப்பிவிடுவோம். காற்று திடீரென்று நின்றால் புயல் போய்விட்டது என்று வெளியே வராதீர்கள். புயலின் கண் கடக்கும்போது அப்படித்தான் இருக்கும், அடுத்து எதிர்த் திசையிலிருந்து அடிக்கும். மாவட்ட அவசர எண் 1077ஐ எல்லோரும் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு பேர் பெயர் கொடுங்கள். முதியவர்கள், கர்ப்பிணிகள், தினமும் மருந்து தேவைப்படுபவர்கள் யார் யார் என்று அவர்கள் கையில் ஒரு தாள் இருக்கட்டும். முதல் மாடிக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.