குடலுள் வாழ்வோர்க்குப் பெயர் சூட்டல்



கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிருக்குப் பெயரிட எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது, பெயர்களோடு நாளும் உறவாடும் இவ்வவையினர் அறியத்தக்கது.

1885ஆம் ஆண்டில் எஷ்ரிக் என்னும் குழந்தை மருத்துவர், பச்சிளங் குழந்தைகளின் மலத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு விளக்கினார். பின்னாளில் அது அவர் பெயராலேயே எஷ்ரிக்கியா ஆயிற்று. காற்றிலும் வளரும் எளிய உயிராதலின் அது முதலில் அகப்பட்டது. குடல்வாசிகளுள் பெரும்பாலானவையோ ஆக்சிஜன் பட்டால் மடிவன. அவற்றை வளர்க்கக் காற்றை நீக்கிய கலங்கள் வேண்டும். அவை விரும்பும் உணவும் தெரிய வேண்டும்.

நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் அவ்வுணவை அறிந்தே தேடினர். குடற்சுவரைப் போர்த்தியிருக்கும் சளியின் மியூசினை மட்டும் இரையாக வைத்தனர். அதனை உண்டு பெருகியதற்கு 2004இல் அக்கர்மான்சியா மியூசினிஃபிலா என்று பெயரிட்டனர். முற்பகுதி அக்கர்மான்ஸ் என்னும் அறிஞரை நினைவுகூர்வது. பிற்பகுதி ‘மியூசினை விரும்புவது’ எனப் பொருள்படும் காரணப்பெயர். நம் இலக்கணத்தார் கண்டால் மகிழ்ந்திருப்பர்!

வளர்த்தது புதியதுதானா என்று எவ்வாறு துணிவது? ஏடுகளின் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு அவற்றின் கால்வழியைக் காண்பார் பதிப்பாசிரியர். ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் எழுத்து வரிசையை அவ்வாறே ஒப்பிட்டு, 1977இல் கார்ல் வோஸ் உயிர்க்குலத்தின் பிரிவுகளையே மாற்றி வரைந்தார். ஏறத்தாழ 1500 எழுத்துகள் கொண்ட அம்மரபணுவில் ஒற்றுமை 98.7 விழுக்காட்டிற்குக் குறைந்தால் புதிய இனம் எனக் கருதலாம். மிகுந்தால் முழு மரபுத்தொகுதியையும் ஒப்பிட்டே முடிவு கூறுவர்.

குலம் மாறி வழங்கியதும் உண்டு. ஃபியூசோபாக்டீரியம் என நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்த பிரவுஸ்னிட்சி, 2002இல்தான் ஃபீகாலிபாக்டீரியம் என்னும் தனிப்பேரினமாயிற்று. குரோன் நோய்க்கு அறுவை செய்துகொண்டோருள், குடற்பரப்பில் இவ்வுயிர் குறைந்திருந்தவர்க்கு நோய் மீள்வது மிகுதி என 2008இல் பிரெஞ்சு ஆய்வொன்று காட்டியது. முகவரி தவறிய உயிரின் பணியை யார் விசாரிப்பார்?

இன்றும் பாக்டீரியப் பெயர்நெறி ஒரு நிபந்தனை விதிக்கிறது: உயிருள்ள வளர்ப்பை இரு வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். மியூசினிஃபிலா அமெரிக்காவிலும் பிரான்சிலும் வைக்கப்பட்டுள்ளது. ஆனால் குடலிலிருந்து மரபெழுத்து மட்டும் கிடைத்து, வளர்க்க இயலாத உயிர்களோ மிகப்பல. அவ்வெழுத்தையே சான்றாகக் கொண்டு பெயரிட 2022இல் தனியொரு நெறி வகுக்கப்பட்டது. பழைய நெறி அதனை ஏற்பதில்லை. ஆகவே அவ்வுயிர்களுட் பல ஓர் ஏட்டில் பெயரோடும் மற்றோர் ஏட்டில் பெயரின்றியும் நம்முள் வாழ்கின்றன.